புளி போட்டுத் துலக்கிய டங்ஸ்டன்

கரி பிடித்த பொருளைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என் குத்துவிளக்கைப் பார்த்துத் தலை சீவலாம். (ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து தடுமாறும், துலக்குவது தடுமாறாது.) அந்தக் கர்வம்தான் என் மகளின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

மகள் கவிதா இருப்பது ஷா ஆலமில். ஷா ஆலம் ஒன்றும் லண்டன் இல்லை, இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனாலும் லண்டன்காரி மாதிரி தீபாவளிக்குத் தீபாவளிதான் வருவாள். சூரியனுக்குள் எரிகிற மாதிரி ஒரு நெருப்பை மூட்டி கரண்டு எடுக்கப் போகிறார்களாம். அந்த அடுப்பின் உட்சுவருக்கு வைக்கிற டங்ஸ்டன் என்ற உலோகம் சூடு தாங்குமா என்று சுட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. சுடுகிற மெஷின் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் இருந்ததால், ஒரு வியாழக்கிழமை வேலையை முடித்துவிட்டு இங்கே வந்து தங்கினாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போனாள். வெள்ளிக்கிழமை அல்லவா, நான் புளியும் தேங்காய் நாருமாக விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தேன். மேசைமேல் அவளுடைய பெட்டி. திறந்தேன். பஞ்சுக்குள் நகை மாதிரி படுத்திருந்தது ஒரு உலோக வில்லை. நடுவில் அசிங்கமாகக் கறுப்பு. இதையா அதிகாரி முன்னால் கொண்டுபோய் நீட்டுவாள்? 'தாய் வளர்த்த லட்சணம்' என்று என்னையல்லவா சொல்வார்கள்!

தேய்த்தேன். அதுவும் விடவில்லை, நானும் விடவில்லை. பளபளத்ததும் சந்தனம், குங்குமம் இட்டு சாமி படத்தின் முன்னால் வைத்தேன்.

கவிதா ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"எம்மா... இதுல இருந்த கறுப்பு எங்க?"

"போயிருச்சு லா. விடாப்பிடியா இருந்துச்சு, நான் விடுவனா?"

"அந்தக் கறுப்பைத்தாம்மா நான் காட்டணும்! சூடு எப்படித் தாக்குச்சுன்னு அதுலதான் தெரியும்!"

குங்குமத்தையாவது துடைக்கலாம் என்று கை நீட்டினேன். "தொடாதீங்க!" என்றவள் அழுதுவிட்டாள். இனி இவள் இந்த வாசற்படி மிதிக்கமாட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அதிகாரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். மலாய்க்கார அம்மா. ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். எதைப் போட்டுத் தேய்த்தார்கள் என்றார்.

"அசாம்," என்றாள் கவிதா. மலாயில் புளிக்கு அதுதான் பேர்.

அந்த அம்மா திருப்பிக் கேட்டார்:

"மீன் கறிக்குப் போடுற அசாமா?"

பிறகு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கவிதாவுக்கும் அழுகை நின்றுபோனது.

வேறு வில்லையைச் சுடச் சொன்னார்கள். மெஷினுக்கு வரிசை. ஒரு வாரம் மகள் என்னோடுதான். தினமும் அவள் 'இன்னைக்காச்சும் கிடைக்கணும்' என்று கிளம்புவாள். நான் கிடைக்கக் கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொள்வேன். (அதற்கும் சந்தனம், குங்குமம் உண்டு.)

அவள் பெட்டிமேல் இப்போது புளியங்காய்ப் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருக்கிறாள். அவளுடைய ஆபீசே அதைக் காட்டிச் சிரிக்கிறதாம். நான் நேரில் பார்த்ததில்லை. ஷா ஆலமிலேயே மெஷின் வாங்கிவிட்டார்கள். பெட்டிக்கு இந்தப் பக்கம் வேலையில்லை.

போன வாரம் போனில் கேட்டாள்: "எம்மா, தீபாவளிக்கு வரேன். என்ன வாங்கிட்டு வரட்டும்?"

"ஒன்னும் வேணாம்டி. கரி புடிச்சது ஏதாச்சும் இருந்தா எடுத்துட்டு வா."