இடுப்புவலிக்காரர்கள் சுழல்நாற்காலிக்குப் பொருத படலம்

ஐந்து இடுப்பெலும்புகளுக்கும் அதிபதியே, அவற்றுள் கடைசி இரண்டைக் கண்ணிமைக்கும் பொழுதும் மறவாத கருத்தினனே, வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் துயிலிலும் பிரித்துரைக்கும் நாவினனே, இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே மர நாற்காலியை ஒரே சாய்வில் அமுக்கிப் பள்ளமாக்கிய பெருந்தொடையனே, மெய்ப்புத் திருத்துவோர் குலத் திலகமே, வாழி! உன் புகழைப் பாடப் புகுந்தோம். இக்கதை முடியும்வரை எங்கள் இடுப்பும் பிடித்துக்கொள்ளாதிருக்க, வலித்தைலங்களுக்கெல்லாம் தலைமை தாங்கும் பச்சைக் குப்பியே, நீ காப்பாயாக.

அச்சகத்தார் அப்பெருமகனை ஒற்றுப்புலி என்றனர். எதிரில் நின்றபோது மட்டும் சார் என்றனர். ஒரு க், ஒரு ச், ஒரு த் விடுபட்டிருந்தால் மூன்று பக்கத்துக்கு அப்பாலிருந்தே மோப்பம் பிடித்துப் பாய்ந்து சிவப்பு மையால் கடித்துக் குதறுவார் என்பதால் வந்த விருதுப்பெயர் அது. அவர் பெற்ற மற்றொரு பேறு அவருடைய வலி. இடுப்பில் பிறந்து, வலப்பிட்டத்தில் வளர்ந்து, தொடையின் பின்புறமாகப் பேராறென இறங்கி, கெண்டைக்காலைக் கடந்து, சுண்டுவிரலில் சென்று கலக்கும் நீண்ட வலி அது. அவர் தும்மினால் அந்த ஆறு கரை புரளும். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை உணவுக்கும் தேநீருக்கும் புகைக்கும் அன்றி எழாத உறுதி, கொல்லைப்புறப் படிக்கட்டில் நாளொன்றுக்கு ஆறு சிகரெட், குழிகளுக்கு இடையில் கொஞ்சம் சாலை உள்ள வழியில் பழைய பைக்கில் பன்னிரண்டு கிலோமீட்டர், மேசைக்கும் மார்புக்கும் நடுவே ஆண்டுக்கு ஆண்டு எல்லையை விரித்துக்கொண்டே போகும் தொந்தி என நான்கு படைகளையும் திரட்டி அவ்வலியைத் தாமே பேணி வளர்த்தார். ஆயினும் அது தமக்குத் தொழில் தந்த விழுப்புண் என்பதே அவர் துணிபு.

அத்தகைய நாளொன்றில், முதலாளி தம் வீட்டில் இடமில்லை என்ற ஒரே காரணத்தால், ஒரு சுழல்நாற்காலியை அச்சகத்துக்கு அனுப்பிவைத்தார்.

அதன் எழிலை என்னென்போம்! முதுகு வளையும் இடத்தில் தானும் வளைந்து தாங்கும் வலைப்பின்னல் சாய்மானம், ஏறவும் இறங்கவும் பணிந்து மூச்சுவிடும் நெம்புகோல், அரைவட்டமும் முழுவட்டமும் ஓசையின்றிச் சுழலும் ஐந்து சக்கரங்கள். மாடி அறையின் மர நாற்காலிகளுக்கும் ஸ்டூல்களுக்கும் நடுவே அது வந்து நின்றபோது, குடிமக்கள் நடுவே கொற்றவன் நின்றாற்போல் இருந்தது. ஒன்றுதான் வந்திருந்தது. முதலாளிகள் மேன்மக்கள், ஒன்றை அனுப்பினால் நான்கு பேர் அடித்துக்கொள்வார்கள் என்பது போன்ற அற்ப நினைவுகள் அவர்கள் உள்ளத்தை அணுகுவதில்லை.

முதல் நாள் போரில் முதலில் வென்றவர் பார்சல்காரர். புத்தகக் கட்டுகளைக் கயிறு போட்டு இறுக்கி வண்டியில் ஏற்றும் திண்தோளர் அவர். அந்த வாரம்தான் நாற்பது கிலோக் கட்டு ஒன்றைக் குனிந்தபடியே தூக்கி, தூக்கியபடியே திரும்பி, திரும்பியபடியே அலறியிருந்தார். வாள்வெட்டுப்போல் வலி இறங்கியதென்று கண்டோர்க்கெல்லாம் நடித்துக் காட்டினார். நடித்தபோது இன்னொருமுறை பிடித்துக்கொண்டது. அவர் தம் துண்டை நாற்காலியின் கைப்பிடியில் கட்டி எல்லைக்கொடி நாட்டிவிட்டுக் கழிப்பறைக்குச் சென்றார். திரும்பி வருகையில் கொடி தரையில் கிடந்தது. ஒற்றுப்புலி அரியணையில் இருந்தார்.

இரண்டாம் நாள் ஒற்றுப்புலி ஏழரை மணிக்கே வந்து, காவலாளி கதவைத் திறக்குமுன் வாசலில் நின்றார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் நேரத்துக்கு முன்பு வந்தது அன்றுதான். ஆனால் அவர் தேநீருக்கு எழுந்த நான்கு நிமிடத்தில், கீழ்த்தளத்திலிருந்து மெஷின்காரர் மேலே வந்து, எவரையும் கேளாமல், எவரையும் பாராமல் அமர்ந்துவிட்டார். அச்சு இயந்திரத்தோடு முப்பத்தைந்து ஆண்டுகள் நின்று வாழ்ந்த அறுபத்திரண்டு வயது மௌனி அவர். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றால் இரு கால்களும் ஈயமெனக் கனத்து மரத்துவிடும். காகிதம் ஏற்றிய தள்ளுவண்டிமேல் கவிழ்ந்து சாய்ந்துகொண்டு தள்ளினால் மட்டும் தெருக்கோடிவரை போவார். வேலைக்கு அஞ்சி வண்டியைக் கட்டிக்கொள்கிறார் என்பது ஒற்றுப்புலியின் உரை.

அந்தப் புலவர் பெருமானின் உரைகளில் மற்றொன்றும் உண்டு. மாடியில் கணினிமுன் அமர்ந்து பக்கங்களை வடிவமைக்கும் இருபத்தாறு வயதுப் பெண்ணைப் பற்றியது அது. அவள் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி, ஒன்பதே கால், ஒன்பதரை என்று தாமதமாக வருவாள். குனிந்து செருப்பைக் கழற்றக் கொஞ்சம் திணறுவாள். பதினொரு மணிக்கு மேல் அதே படிகளில் ஓடி இறங்கி ஓடி ஏறுவாள். இரண்டு மாதத்துக்கு முன் அவள் அவரிடம் வந்து, காலையில் இடுப்பு விறைத்துப்போகிறது, பத்து மணிக்கு வந்து ஏழு மணிவரை இருக்கட்டுமா என்று கேட்டாள். மாடியின் வருகைப் பதிவேடு அவர் வசம் இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளை ஏற இறங்கப் பார்த்து, வலி என்பது உழைத்துத் தேய்ந்தவர்க்கே உரிய செல்வம் என்றும், காலையில் சோம்பலும் மாலையில் சுறுசுறுப்பும் காட்டும் நோய்க்கு மருத்துவம் அலாரம் கடிகாரமே என்றும் திருவாய் மலர்ந்தருளினார். அறையே சிரித்தது. அவள் அதன்பின் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, நாற்காலியையும் கேட்கவில்லை.

ஆறு நாள் நடந்தது அமர். இழுத்த இழுப்பில் நெம்புகோல் தளர்ந்தது. பார்சல்காரரும் ஒற்றுப்புலியும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தினர். பாடப்புத்தகம் ஒன்றின் எண்பதாம் பக்கம் இரண்டு முறை அச்சானது. பொறுக்கமாட்டாத மேனேஜர் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மாடியில் அவை கூடட்டும் என்று பறையறைவித்தார். அதாவது, படிக்கட்டில் நின்று ஒருமுறை கத்தினார். யார் வலி மெய்யென்று சான்று காட்டுகிறாரோ அவர்க்கே ஆசனம். அதன்பின் நாற்காலி என்ற சொல்லை எடுப்பவருக்குச் சம்பளமில்லா விடுப்பு.

சான்று! அச்சொல் செவியில் விழுந்ததும் ஒற்றுப்புலியின் திருமுகம் மலர்ந்தது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் முதுகுவலி மருத்துவமனை, இடுப்புவலியின் வகைகளைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்கக் கொடுத்திருந்தது. அதன் மெய்ப்பைத் திருத்தியவர் அவரே. பத்தொன்பது பிழை கண்டார். முதுகு தண்டு என்றிருந்ததை முதுகுத்தண்டு ஆக்கி மருத்துவ உலகையே காத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை மட்டும் அவர் கவனிக்கவில்லை. ஒற்றெழுத்தை நோக்கும் விழிக்குப் பொருள் தெரிவதில்லை. ஆயினும் காலில் இறங்கும் வலி பற்றி ஏதோ இருந்ததென்ற ஞாபகம் போதுமானதாக இருந்தது. அச்சேறிய எழுத்தைவிடப் பெரிய சான்று அச்சகத்தில் உண்டோ?

நான்கு மணிக்கு அவை நிறைந்தது. ஒற்றுப்புலி சுழல்நாற்காலியில் அமர்ந்து, துண்டுப்பிரசுரத்தை அரசாணைபோல் விரித்து, தொண்டையைச் செருமி, வலக்காலில் ஓடிய மின்னலைப் பொறுத்து, கணீரென்று வாசிக்கலானார்.

முதல் பத்தி, பாரத்தைக் குனிந்து தூக்கித் திருகும்போது திடீரெனப் பிடித்துக்கொள்ளும் வலியைப் பற்றியது. பெரும்பாலும் தசையும் தசைநாரும் சம்பந்தப்பட்டது. சில வாரங்களில் தானே குறையும். படுத்தே கிடந்தால்தான் நாளாகும். இயன்றவரை நடமாட வேண்டும். மறுபடி அதே மாதிரித் தூக்கினால் மறுபடி வரும். பார்சல்காரர் எல்லோரையும் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்தனர். ஒற்றுப்புலி ஒரு பகைவனை வீழ்த்திய களிப்பில் குரலை இன்னும் உயர்த்தினார்.

இரண்டாம் பத்தி. எலும்புகளுக்கு நடுவேயுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் முழங்காலுக்குக் கீழேயும் இறங்கும் வலி. இருமினால், தும்மினால், குனிந்தால் கூடும். மணிக்கணக்கில் உட்காருவோர்க்கும், புகைப்பிடிப்போர்க்கும், உடல் பருத்தோர்க்கும், குலுங்கும் வண்டியில் நெடுந்தூரம் போவோர்க்கும் வாய்ப்பு அதிகம். தம் பெயரைத் தவிர எல்லாமே அச்சில் இருந்ததைக் கண்ட ஒற்றுப்புலி, வெற்றிமுரசு கொட்டினாற்போல் அடுத்த வரியையும் அதே மூச்சில் முழங்கிவிட்டார்.

"இவர்கள் நீண்ட நேரம் உட்காருவதைத் தவிர்க்க வேண்டும், நாற்காலி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும்."

முழக்கம் அறையைச் சுற்றி வந்து அவர் மடியிலேயே விழுந்தது. யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தனர். நிறுத்திவிடலாம்; ஆனால் பாதியில் நிறுத்தினால் தோல்வி அப்பட்டமாகிவிடும். மூன்றாம் பத்திக்குப் போனார். வயதானோர்க்கு முதுகுத்தண்டின் குழாய் குறுகுவதால் வரும் வலி. நின்றாலும் நடந்தாலும் கால்கள் கனத்து மரக்கும். முன்னால் சாய்ந்தால், உட்கார்ந்தால் சட்டென்று குறையும். பலர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பது இதனால்தான். இதுகாறும் சுவரில் சாய்ந்திருந்த மெஷின்காரர் முதன்முறையாக வாய் திறந்தார்.

"அதத்தான் நான் உக்காந்து காட்டினேன்," என்றார்.

இவ்வாறு நாற்காலி மெஷின்காரருக்கென்று ஆனது, போர் முடிந்தது, கதையும் இங்கே முடிந்திருக்கும். ஆனால் தோற்ற தளபதி களத்தைவிட்டு ஓடுகிற வேகத்தில் பள்ளத்தில் விழுவதுபோல், ஒற்றுப்புலி அதே வேகத்தில் நான்காம் பத்தியையும் வாசித்துவிட்டார்.

நாற்பது வயதுக்குள் மெல்ல மெல்லத் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி. காலையில் அரைமணிக்கு மேல் இடுப்பு விறைத்திருக்கும். ஓய்வெடுத்தால் குறையாது, நடமாடினால் குறையும். பின்னிரவில் உறக்கத்தைக் கலைக்கும். வெறும் தசைப்பிடிப்பு என்று விட்டுவிடாமல், மூட்டுகளில் அழற்சியா என்று பார்க்க மருத்துவரிடம் உடனே போக வேண்டும். இளையவர்கள் என்பதால் சோம்பேறிகள் என்று...

அவர் குரல் அங்கே நின்றது. மீதி வரியைக் கண்ணால் மட்டும் படித்தார். பத்தொன்பது பிழை கண்ட அந்தக் கண், தன் சொந்த வாக்கியத்தை அச்சில் கண்டது.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. பக்கம் வடிவமைக்கும் பெண் கணினித்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டுப்பிரசுரத்தை எழுத்து எழுத்தாக அடித்து வடிவமைத்தவளே அவள்தான். பத்து நாளைக்கு முன்பே படித்திருந்தாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் ஒற்றுப்புலி. அக்குரலில் காவியம் இல்லை.

"எட்டு மாசமா, சார்."

"படிச்ச அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"முன்னாடி சொன்னேனே. இந்த வயசுல என்ன வலின்னு எல்லாரும் சிரிச்சீங்க. காகிதத்துல இருக்குன்னு மட்டும் நம்புவீங்களான்னு தெரியல."

நம் தலைவரின் மார்பில் அன்றுவரை தைத்த அம்புகள் எல்லாம் தும்மல்கள், இது வேறு. மன்னிப்புரை ஒன்றை, எழுவாயும் பயனிலையும் பிசகாமல், உவமை இரண்டேனும் சேர்த்து இயற்ற முயன்றார். பாதியில் கைவிட்டார். நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார். எழுந்ததில் ஒரு கால் மடங்க, பார்சல்காரர்தான் தோளைப் பிடித்தார்.

"நான் சொன்னது தப்பு, மா," என்றார். "உனக்கு வலி இல்லாத மாதிரி பேசிட்டேன்."

பிறகு பதிவேட்டைத் திறந்து, அவள் பெயருக்கு நேரே பத்து மணி என்று எழுதி, மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்முன் கையெழுத்திட்டு மூடினார். திங்கட்கிழமை அவள் மருத்துவமனைக்குப் போனாள். அங்கிருந்து மூட்டுநோய் மருத்துவரிடம் அனுப்பினார்கள்; இரத்தம் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே இரண்டு மூட்டுகள் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தன. இன்னும் சில வருடம் சோம்பல் என்றே விட்டிருந்தால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கலாம் என்றார் மருத்துவர். மாத்திரையும் தினசரிப் பயிற்சியும் தொடங்கி மூன்றாம் மாதம், அவள் காலையில் சுவரைத் தொடாமல் படியேறினாள். நேரத்தை ஒன்பதாகவே மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பார்சல்காரருக்கு மூன்று வாரத்தில் சரியாயிற்று; கட்டுகளை முழங்கால் மடக்கியே தூக்குகிறார், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால். மெஷின்காரர் சுழல்நாற்காலியைக் கீழே கொண்டுபோய்ப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு, அதன் சாய்மானத்தின்மேல் கவிழ்ந்தபடி அச்சிடுகிறார். இவ்வளவு விலையுயர்ந்த வலைப்பின்னலை இப்படியா பயன்படுத்துவது என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

நம் தலைவரோ, சிகரெட்டை ஆறிலிருந்து நான்காக்கிய துறவி, விற்காத இலக்கண நூல்களை நாற்பது நாற்பதாக அடுக்கி மேசையின் நான்கு கால்களுக்கும் கீழே கொடுத்து உயர்த்தி, அதன்முன் மலைமேல் விளக்கென நிமிர்ந்து நின்று, தமிழுலகின் ஒற்றுகளையெல்லாம் நின்றபடியே காத்துவருகிறார்.

இப்போது அவருக்குக் குதிகால் வலிக்கிறது.