இரண்டு லேசரும் ஒரு கையெழுத்தும்

பிழைதிருத்துபவர் சபதம் எடுத்திருந்தார். இரண்டு லேசரையும் அக்குவேறு ஆணிவேறாக ஒப்பிட்டுப் பார்க்காமல் சிகிச்சைக்குக் கண்ணைக் கொடுப்பதில்லை என்று.

அச்சகத்தில் முப்பது வருஷமாக அடுத்தவர் பிழையைப் பிடித்தே பிழைத்தவர். சர்க்கரை நோய் தன் விழித்திரையில் செய்த பிழையை மட்டும் ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. இரத்தக்குழாய்கள் தாறுமாறாக முளைக்கின்றன, லேசரால் அடக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார்.

பழைய லேசர் ஒவ்வொரு புள்ளியாகச் சுடும், பல தடவை போக வேண்டும், வலி கூடுதல். புதியது ஒரே அழுத்தில் பல புள்ளி வைக்கும், சீக்கிரம் முடியும், சிலருக்கு மறுபடி தேவைப்படலாம். விஷயம் இவ்வளவுதான். இதை அவர் மூன்று வாரம் ஒப்பிட்டார். மருத்துவமனை கொடுத்த தாளில் கொட்டை எழுத்துத் தலைப்பிலேயே ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது. 'க்' போடத் தெரியாதவர்கள் லேசர் போடுவார்களா என்று இரண்டு நாள் அதிலேயே ஓட்டினார்.

உள்ளே இருந்தது பயம். மனைவிக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

அவள் பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். டாக்டருக்குப் போன் செய்து பேசினாள். எது பொருந்தும் என்பதைக் கண்ணைப் பார்த்துத் தான் முடிவு செய்வதாகவும், வியாழக்கிழமை ஆளைக் கூட்டிவந்தால் போதும் என்றும் டாக்டர் சொன்னார். மறுநாள் கணவர் எழுதிவைத்திருந்த ஒப்பீட்டை அழகாகத் தட்டச்சு செய்து கொண்டுவந்து, டாக்டரிடம் காட்டுமுன் ஒருமுறை பார்த்துத் தரச் சொன்னாள்.

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு, பூதக்கண்ணாடியோடு அரைமணி நேரம் உட்கார்ந்தார். கடைசியில் 'பிழையில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அவள் ஏழாவது வரியை நிதானமாக வாசித்தாள்: "ஒப்பிட்டு முடித்துவிட்டபடியால், வரும் வியாழக்கிழமை டாக்டர் சொல்லும் லேசரைச் செய்துகொள்கிறேன்."

"இதை நான் எழுதவே இல்லையே."

"நான்தான் சேர்த்தேன். எழுத்தெல்லாம் ஒரே அளவுதான். பார்த்துட்டு விட்டுட்டீங்களா, இல்ல பார்வைக்கே படலையா?"

அவர் யோசித்தார். பார்த்தேன் என்றால் அது சம்மதம். பார்வைக்குப் படவில்லை என்றால் சிகிச்சை அவசரம். பேப்பரை வாங்கி மறுபடி கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஏழாவது வரி புகைமூட்டமாகத்தான் இருந்தது.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார் கடைசியில்.

"ஒன்பதுக்கு. அது எட்டாவது வரி."