சூப் கிண்ணத்தில் கேட்ட கப்பல்

சான் ப்ரோக்கோலோ,
9 நவம்பர் 1927

பேரன்புள்ள ஜெல்மீரா அக்காவுக்கு, தம்பி பெர்ரூச்சோ எழுதுவது. இங்கே நானும் என் மனைவி ஓர்சோலாவும் சுகம். உன் மகன் ஆல்விசேயும் சுகம்; மேலே படிக்கும்போது உனக்கு மயக்கம் வரக்கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வானொலிப் பெட்டியை ஆற்றில் எறியச் சொல்லி எழுதியிருந்தாய். முப்பது வருஷம் கம்பியில் தந்தி தட்டியவனுக்கு, ஓய்வு பெற்றபின் கம்பியில்லாமல் பேசுகிறார்கள் என்றால் கை சும்மா இருக்குமா? முதலில் படிகக் கல்லும் ஊசியும் வைத்துக் கேட்டேன். எங்கோ ஒரு வயலின் ஈ மாதிரி முனகும், ஓர்சோலா தும்மினால் அதுவும் போய்விடும். பிறகு வால்வுப் பெட்டி செய்தேன். அதன் பாட்டரி அமிலம் மேசைவிரிப்பைத் தின்றது. ஏரியல் கம்பியை எதிர்வீட்டு தொர்குவாத்தோவின் புகைபோக்கியில் கட்டியதால் தன் கோழிகள் முட்டையிடுவதில்லை என்று அவர் சண்டைக்கு வந்தார். காதில் வைத்துக் கேட்கும் குழல் ஒன்றுதான், அதைப் பீங்கான் சூப் கிண்ணத்தில் போட்டால் கிண்ணமே பாடும், எல்லோரும் கேட்கலாம். அதனால் எங்கள் வீட்டில் சூப் இல்லை.

நேற்று மதியம் வெளியே ஒரே மூடுபனி. மிலான் நிலையம் பாடிக்கொண்டிருந்தது. நடுவில் கரகரவென்று ஒரு சத்தம்.

"பாட்டுக்கு நடுவுல யாரு மீன் பொரிக்கிறது?" என்றாள் ஓர்சோலா.

மீன் இல்லை அக்கா, கப்பலின் தந்தி. தட்டிய பெயர் ஆல்விசே வேலை பார்க்கும் கப்பலுடையது! ஆற்று முகத்துவார மணல்திட்டில் ஏறிவிட்டோம், சாய்கிறோம், உதவி வேண்டும் என்று தட்டுகிறார்கள். கழுத்தில் கட்டிய கைத்துண்டோடு துறைமுகத்துக்கு ஓடினேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க நிலையத்துக்கே ஒண்ணும் கேக்கல. உங்க சூப்புல கேட்டுச்சா?"

"அதுல என் அக்கா பையன் இருக்கான் ஐயா. நான் சொன்னது பொய்யா இருந்தா என்னை உள்ள போடுங்க. இழுவைக் கப்பலை மட்டும் அனுப்பிடுங்க."

எப்படியோ அனுப்பினார். வீட்டுக்கு வந்து நானும் ஓர்சோலாவும், செய்தி கேட்டு வந்த தொர்குவாத்தோவும் கிண்ணத்தின் முன் உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் மிலானில் ஒருவன் உரத்தைப் பற்றிப் பேசினான். பாட்டரிக் கம்பி நழுவாதபடி ஓர்சோலா விரலால் அழுத்திப் பிடித்தபடியே இருந்தாள். நான் உன் முகத்தை நினைத்தபடி கிண்ணத்தில் காதை வைத்திருந்தேன். கடைசியில் அதே கரகரப்பு: எல்லோரும் நலம், கட்டி இழுத்துக்கொண்டு வருகிறோம். அதை இருவருக்கும் கத்திச் சொன்னேன். கிண்ணத்துக்குள்ளேயே அழுதேன். "முட்டை கிடக்குது, கம்பி இருக்கட்டும்" என்று தொர்குவாத்தோவும் மூக்கைச் சிந்தினார்.

இன்று காலை பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, பதினான்கு உயிர்களைக் காத்தவர் என்று என்னைப் பற்றி எழுதிக்கொண்டு போனார். இனியாவது என் பெட்டியைத் திட்டாதே. அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆயிரம் முத்தம். உன் வீட்டில் என்றும் அடுப்பு எரியட்டும்.

அன்புத் தம்பி,
பெர்ரூச்சோ

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஆல்விசே வந்து நிற்கிறான். கடல்நீர் மட்டம் ஏறியதும் அவர்கள் கப்பல் தானாகவே மிதந்துவிட்டதாம். நான் அனுப்பிய இழுவைக் கப்பல்தான் பனியில் அவசரமாகப் போய் அதே திட்டில் ஏறியதாம்; அதை இவர்கள்தான் கட்டி இழுத்து வந்தார்களாம். அதிகாரி என் வீட்டு விலாசம் விசாரிக்கிறாராம். பெட்டியைக் கொஞ்ச நாள் உன் வீட்டில் வைத்துக்கொள்வாயா? கூடவே என்னையும்.