ஜாடியில் விழுந்த மூஞ்சி

"மறுபடியும் வந்து உக்காந்துட்டான்யா!" என்று கேமராத் திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார் போட்டோக்காரர்.

வந்து உட்கார்ந்தது வேறு யாருமில்லை, அவரேதான். கண்ணாடி ஜாடியின் வயிற்றில், வழுக்கைத் தலையும் முறுக்கு மீசையுமாக மங்கலாய் ஒரு முகம். விளக்கைப் போட்டால் வருகிறது, அணைத்தால் போய்விடுகிறது. கண்ணாடிச் சாமானைப் படமெடுப்பவனுக்கு முதல் எதிரி அவன் மூஞ்சிதான் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

ஜாடித் தொழிற்சாலை மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார்: "ஜாடி பளிச்சுனு தெரியணும். வெளி நிழல் எதுவும் விழக்கூடாது. சரியா வந்தா எங்க சரக்கு மொத்தத்தையும் படமெடுக்கற ஆர்டர் உங்களுக்குத்தான். சொதப்பினா வேற ஆளைப் பாத்துக்கறோம்."

பாஸ்போர்ட் சைஸ் மூஞ்சிகளை எடுத்தே அலுத்துப்போன மனிதருக்கு இதைவிட்டால் விமோசனம் கிடையாது.

விளக்கை ஓரமாகத் தள்ளினார். முகம் இன்னும் தெளிவாயிற்று. ஜாடிக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டினார். மூக்கும் துலங்கியது. கடைசியில் தன்மேலேயே ஒரு கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டார். வழி தெரியாமல் விளக்குக் கம்பத்தில் இடித்து, அதோடு சேர்ந்து விழுந்தார்.

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். "என்னங்க இது கோலம்? கரடி மாதிரி!"

"என் மூஞ்சி தெரியுதுடி!"

"எனக்குத் தினமுந்தான் தெரியுது. நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "மீசைதாங்க எடுப்பாத் தெரியுது. அதை எடுத்துத் தொலைங்க."

"ஐயையோ! கல்யாணத்துக்கு முன்னாடியே வச்ச மீசைடி!"

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி? ஆர்டர் வேணுமா, வேணாமா?"

வேண்டும்தான். குளியலறைக்குள் போனவர், மழுங்கச் சிரைத்துக்கொண்டு, துக்க வீட்டிலிருந்து வருகிறவர்போல் வெளியே வந்தார். விளக்கைப் போட்டுப் படமெடுத்தார்.

ஜாடியில் மீசை அப்படியே இருந்தது.

"ஐயோ, பேய்!" என்று அலறி மனைவி அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவருக்கும் ஒளிய ஆசைதான், முதுகு கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, ஜாடியைத் திரும்ப எடுத்துப்போகத் தொழிற்சாலை டிரைவர் வந்து நின்றார். திரையைப் பார்த்தவர் வாயைப் பிளந்தார்.

"அடேங்கப்பா! எங்க ஜாடி எல்லாத்துலயும் பெரிய முதலாளி முகத்தைத்தான் சார் முத்திரையாச் செதுக்குறோம், ஆனா இதுவரைக்கும் ஒரு போட்டோக்காரராலயும் அந்த மீசையைக் கொண்டுவர முடிஞ்சதில்ல!"