வாத்து இறகுப் பைக்குள் புகழேந்தி

எந்த வேலைக்கும் மாட்டேன் என்று சொல்ல புகழேந்திக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. சங்கத் தேர்தலில் நிற்கச் சொன்னாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை ரத்ததான முகாமுக்குக் கூப்பிட்டாலும் சரி, "வீட்ல கேட்டுட்டு சொல்றேம்ப்பா" என்பார். மறுநாள் காலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து "வீட்ல விடலப்பா" என்பார். அவ்வளவுதான், முடிந்தது கதை.

இதனால் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் அவருடைய செக்‌ஷன் முழுக்க, அவர் மனைவி தேவிப்ரியாவைப் பெரிய அதிகாரி மாதிரி நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த விஷயம் தேவிப்ரியாவுக்குத் தெரியாது என்று புகழேந்தி நம்பிக்கொண்டிருந்தார். பாவம், நல்ல மனிதர்.

அந்தத் தைரியத்தில்தான், பக்கத்து சீட் சரவணகுமார் ஒருநாள் மேஜை அருகே வந்து கேட்டபோது அவர் வாயை விட்டார்.

"அண்ணே, செப்டம்பர்ல இமாச்சலுக்கு ட்ரெக்கிங் போறோம். ஆறு நாள் நடை. பன்னெண்டாயிரம் அடி உசரம். கூடாரத்துலதான் படுக்கை. வரீங்களா?"

சுற்றிலும் ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகழேந்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் இல்லாம எப்படிப்பா?" என்றார். அப்புறம் பத்திரமாக, "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

அவருடைய மலையேற்ற அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் பால் வாங்கப் போவதற்கே மப்ளர் கட்டுகிற ஆசாமி. பதினோரு வருஷமாகப் பௌர்ணமி தவறாமல் தேவிப்ரியா செருப்பில்லாமல் பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் சுற்றுகிறாள். சரவணகுமாரின் மனைவி சிந்துஜாவும் கூட நடப்பாள். புகழேந்தி ஸ்கூட்டரில் அடி அண்ணாமலைக்குப் போய், டீக்கடையில் உட்கார்ந்து, அவர்கள் வந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, ஸ்கூட்டரிலேயே வீடு திரும்பிக் கால் வலி என்று தைலம் தேய்த்துக்கொள்வார்.

அன்று சாயந்திரம் சோகமான முகத்தை முன்கூட்டியே தயார் செய்துகொண்டு அடுக்களைக்குப் போனார்.

"தேவி, ஆபீஸ்ல ட்ரெக்கிங் கூப்பிடறாங்க. ஆறு நாளு."

"போயிட்டு வாங்க."

தயார் செய்த முகத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"இமயமலைம்மா! குளிரு உயிரை எடுத்துடும்."

"நல்லதுதானே. இங்க மனுஷன் வேகுறான்."

"அதுக்குன்னு தனியா ஒரு தூங்கற பை வாங்கணுமாம். உள்ள என்ன தெரியுமா? வாத்து இறகு! பௌர்ணமிக்குப் பௌர்ணமி விரதம் இருக்கற வீட்ல வாத்து இறகு வரலாமா? நீயே சொல்லு."

"வாத்தை வறுத்துத் தின்னவா சொன்னாங்க? போத்திக்கத்தானே சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கலாம், நானும் வரேன்."

புகழேந்தி வசமாக மாட்டிக்கொண்டார். மனைவி தடுப்பாள் என்ற ஒரே நம்பிக்கையில் ஏழு பேர் முன்னால் வாக்குக் கொடுத்தாயிற்று. இப்போது பின்வாங்கினால் ஆபீசில் தலைகாட்ட முடியாது. போனாலோ, தலையே திரும்பி வராது. இரண்டு மூன்று மாதம் முன்பு அவளே, "சிந்துஜா என்னை எங்கியோ மலையேறக் கூப்பிடறாங்க" என்று பேச்செடுத்ததும், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "அதெல்லாம் பார்க்கலாம்" என்று அவர் முடித்து வைத்ததும் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அக்கினி நட்சத்திரம். ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டில் காசியின் கடை. சீசன் முடிந்து ஊர் திரும்பும் வெளிநாட்டுக்காரர்கள் விற்றுவிட்டுப் போகிற கூடாரம், பை, பூட்ஸ் எல்லாவற்றையும் சுத்தம் செய்து காசி விற்பான்; கூடவே புதுசும் கொஞ்சம் வைத்திருப்பான்.

"மூணு சீசன் பையா பாருங்க சார்," என்றான் காசி. "வசந்தம், கோடை, இலையுதிர் காலம், மூணுக்கும் தாங்கும்."

"நம்மூர்ல ஏதுப்பா மூணு சீசன்? வெயிலு, கொஞ்சம் கம்மி வெயிலு, தீபம்," என்றார் புகழேந்தி. எதிலாவது குறை கண்டுபிடித்துத் தப்பித்துவிட முடியுமா என்று பார்த்தார்.

காசி இரண்டு பைகளை விரித்தான். "இது அறுநூத்தம்பது, அது எண்ணூறு. இறகை அமுக்கி விட்டா எவ்ளோ உப்பி வருதுன்னு ஒரு அளவு. பூரி மாதிரிதான் சார். ஜாஸ்தி உப்பினா அதே சூட்டுக்கு வெயிட்டு கம்மி."

"ஈரமானா?" என்றாள் தேவிப்ரியா.

"உருண்டை கட்டிக்கும்க்கா. சூடு போயிடும். அதனாலதான் மேல் துணி தண்ணி ஒட்டாத துணியா இருக்கணும்."

"சீரோ டிகிரின்னு போட்டிருக்கே. அந்தக் குளிர்ல சொகமா தூங்கலாமா, இல்ல உயிர் மட்டும் மிஞ்சுமா?"

காசி அவளை நிமிர்ந்து பார்த்தான். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லக்கா. சொகமாவே தூங்கலாம்."

"கால் பக்கம் இறகு ஜாஸ்தியா வேணும். ஜிப்பு இடது கைக்கு வாட்டமா இருக்கணும். அஞ்சேகால் அடி ஆளுக்கு நீளம் சரியா இருந்தா போதும். பெரிசா இருந்தா உள்ள காத்து ரொம்பி, சூடேற நேரமாகும்."

புகழேந்திக்கு உயிர் வந்தது. "அஞ்சேகாலா? நான் அஞ்சே முக்கால் அடிம்மா! எனக்குப் பத்தாது. வா போலாம்."

"படுத்துக் காட்டுங்க, பத்தாதுன்னு ஒத்துக்கறேன்."

காசி அந்த அளவில் ஒரு பையை விரிக்க, நிரூபித்துவிடும் ஆவேசத்தில் புகழேந்தி உள்ளே நுழைந்தார். கால் முட்டியது, தோள் இடித்தது. "பார்த்தியா!" என்று அவர் வாயைத் திறப்பதற்குள் தேவிப்ரியா ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து, தலைப்பக்கக் கயிற்றையும் சுருக்கிவிட்டாள். மூக்கு மட்டும் வெளியே இருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

"தேவி, தொற."

"இருங்க. சோதிச்சுப் பார்க்க வேணாமா? வேர்க்குதா?"

"ஊத்துது!"

"காசி, ஊத்துதாம். நல்ல பைதான்."

"தேவி, எனக்கு வேணாம்!"

"பை வேணாமா, மலை வேணாமா?"

பைக்குள்ளிருந்து எல்லாம் மொத்தமாக வந்தது.

"மலையே வேணாம்! எனக்கு குளிர்னா பயம். ஆறு நாளு நடக்கணும்னா அதைவிட பயம். ஆபீஸ்ல சும்மா பந்தாவுக்கு சொல்லிட்டேன். நீ வேணாம்னுவேன்னு நம்பிதான் சொன்னேன்."

"பதினோரு வருஷமா நான் எதெதை வேணாம்னு சொல்லியிருக்கேன்னு சிந்துஜா மாசாமாசம் சொல்லுவாங்க. ரத்ததானம்கூட வேணாம்னேனாமே?"

பை மெதுவாகச் சுவர்ப் பக்கம் புரண்டது.

"சரி, நீங்க போகல. அப்ப சிந்துஜா கூட நான் போயிட்டு வரட்டுமா?"

"போ! எங்க வேணா போ! மொதல்ல ஜிப்பைத் தொற!"

ஜிப் திறந்தது. மே மாதத்துச் செங்கம் ரோட்டுக் காற்று முகத்தில் அடித்ததும், அதுவே இமாச்சல் மாதிரி ஜில்லென்று இருந்தது புகழேந்திக்கு. நனைந்த சட்டையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தார். போக வேண்டாம். நடக்க வேண்டாம். இனி யாரிடமும் நடிக்கவும் வேண்டாம். இவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் ஆபீசிலேயே உண்மையைச் சொல்லித் தொலைத்திருப்பார்.

தேவிப்ரியா இன்னொரு பையை எடுத்தாள். அதே மாடல், அதே அளவு, புத்தம் புதுசு. உள்ளே படுத்து, இடது கையால் ஜிப்பை ஒரே இழுப்பில் ஏற்றி, ஒரே இழுப்பில் இறக்கினாள். தைத்து வைத்தது போல இருந்தது.

"காசி, இதைக் கட்டு."

அவளுக்கு இடது கைப் பழக்கம் என்பதும், உயரம் அஞ்சேகால் அடி என்பதும் அப்போதுதான் புகழேந்திக்கு உறைத்தது. உறைத்தும் கோபம் வரவில்லை. ஆறு நாள் வீட்டில் ஃபேனுக்கு அடியில் கால் நீட்டிப் படுக்கப் போகிறவருக்கு என்ன கோபம்?

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனார். உண்மையைச் சொல்வதாகத்தான் வழியெல்லாம் நினைத்திருந்தார். ஏழு பேரைப் பார்த்ததும் பழக்கம் முந்திக்கொண்டது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "வீட்ல விடலப்பா," என்றார்.

சரவணகுமார் கையிலிருந்த பெயர்ப் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தெரியும்ணே. அண்ணி போன மாசமே பேர் குடுத்துட்டாங்க. உங்களைக் கூப்பிடச் சொன்னதே அவங்கதானே."