ஈயச் சித்தரின் முத்திரைப் பெடல்

ஞாயிறு காலை, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், ஈயச் சித்தரின் குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பு விட இடமில்லை. குள்ளஞ்சாவடி, காடாம்புலியூர் வரையுள்ள ஊர்களிலிருந்து கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் வரிசையில். கையில் ஆளுக்கொரு பெடல்: கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைத்து ஒலியை முறுக்குகிற, வீட்டில் செய்த பெட்டி.

சித்தரின் பழைய பெயர் சின்னதுரை. அவர் கண்ட ஞானம் இதுதான்: பெட்டிக்குள் ஒலியை மாற்றுகிற சிப்பைக் கழற்றி மாட்டும் சாக்கெட்டில் செருகினால் நாதம் கசிந்து ஓடிவிடும். அவர் மந்திரம் சொல்லி ஈயம் உருக்கிப் பற்றவைத்தால் தங்கும். காணிக்கை தனி. மூடிக்கு அரக்கு முத்திரை. உடைத்தால் ஒலி செத்துவிடுமாம்.

கூட்டத்தில் பாதி மைன்ஸ் எலக்ட்ரீஷியன்கள். கன்வேயர் பெல்ட் நின்றால் ரிலே சுவிட்சைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, வேறு செருகி ஓட்டுகிறவர்கள். ஷிப்ட் முடிந்ததும் அறிவை ஹெல்மெட்டோடு கழற்றி மாட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

தேவயானி வரிசையில் நிற்கவில்லை. அவள் பெடலில் சாக்கெட்தான். பொங்கல் விழாவில் லீடு கிட்டார் அவளுக்கு என்று சொல்லியிருந்த இசைக்குழுத் தலைவன் சைமன்ராஜ், முத்திரை இல்லாமல் மேடை இல்லை என்றுவிட்டான். ஆறு மாதம் விரல் தேய வாசித்தவள் அவள்.

"ஐயா, எது சாக்கெட்டு, எது ஈயம்னு காதால கேட்டே சொல்லுவீங்களா?" என்று சித்தரிடம் நேராகப் போய்க் கேட்டாள்.

"கண்ண மூடிகினே சொல்லுவேன்மா."

"மூட வேணாங்க. நடுவுல பெட்ஷீட் கட்டிக்கலாம்."

திரைக்குப் பின்னால் அவளுடைய பெடல், சைமன்ராஜின் முத்திரைப் பெடல், சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள். ஐந்து தடவை வாசித்தாள். சித்தர் தாடியை நீவினார்.

"இது கசியுது... ஆங், இதுல உயிர் இருக்கு."

நாலாவதுக்கு ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பெட்ஷீட் இறங்கியது. முத்திரைப் பெடலில் ஒயரே செருகவில்லை.

"பாத்துகினேதான இருந்தேன்," என்றார் கஸ்தூரியம்மாள். "அஞ்சு வாட்டியும் இந்தப் பொண்ணோட பெட்டிதான்."

சித்தர் அசரவில்லை. "பக்கத்துல வச்சீங்கல்ல. முத்திரையோட அருள் அதுக்குப் பாய்ஞ்சிருச்சி."

"அப்ப ஊருக்கே ஒண்ணு போதுமேங்க. ஆளுக்கொண்ணு எதுக்கு?" என்றாள் தேவயானி.

எல்லாரும் சிரித்தார்கள். சைமன்ராஜ் சிரிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரால் தன் பெடலின் அரக்கை நெம்பினான். உள்ளே சிப்பு, சாக்கெட்டில் சுகமாக உட்கார்ந்திருந்தது.

"என்னங்க இது?"

சித்தரின் குரல் இறங்கியது. "ஈயம் வச்சா சூட்டுல சிப்பு போயிடும் தம்பி. அதான்..."

தொழிலுக்கு வந்தபின் அவர் சொன்ன முதல் உண்மை.

"நீதான் லீடு," என்றான் சைமன்ராஜ், தேவயானியின் முகத்தைப் பார்க்காமல். அவள் பெடலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வரிசையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார்: "முத்திரைய உடைச்சாரு பாருங்க, அதனாலதான் ஈயம் சாக்கெட்டா மாறிடுச்சி."

பெட்டியைத் திறக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். இவர் தலையைத் திறக்க எதைக் கொண்டுவருவது? அதையாவது நீங்கள் யோசியுங்கள்.