குட்டை முளைப்பாரியும் சிவப்பு பல்பும்

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த மரியாதைக்குரிய அண்ணன் அப்பாவு அவர்களுக்கு,

தில்லி ஜங்புரா மதராசி கேம்பிலிருந்து தங்கை வீராயி எழுதுவது. நானும் உங்கள் மச்சான் கோபாலனும் மகள் சாந்தகுமாரியும் மாரியம்மன் புண்ணியத்தில் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம். மேலூரில் உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் குரலும் எந்த மட்டில் இருக்கின்றன? குரலுக்கு ஒன்றும் குறைவில்லை என்று தெரியும். போன வாரம் எஸ்டிடி பூத்தில் ரிசீவரைக் காதுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் கணீரென்று கேட்டது.

"சாந்தி முதமுதலா முளைப்பாரி எடுக்குறா. எப்புடி வளந்துருக்குன்னு போட்டோ புடிச்சு அனுப்பு. அதப் பாத்துட்டுத்தேன் எம்மகன் செந்திலுக்குப் பூ வைக்க வருவேன்" என்று அண்ணி சொன்னதும், சரி மதினி என்று நான் தலையாட்டியதும் நினைவிருக்கும். போட்டோ இதனுடன் இருக்கிறது. அண்ணிக்கு முதலில் ஒரு காப்பி கொடுத்துவிட்டு, பிறகு காட்டுங்கள். சாந்தி தலையில் இருப்பது கீரைக்கட்டு அல்ல, முளைப்பாரிதான். பக்கத்தில் மஞ்சள் மஞ்சளாக நெடுநெடுவென்று தலைக்கு மேலே ஆடுகிறதே, அது அடுத்த வீட்டு இந்திராணி மகளுடையது. அந்தப் பக்கம் அண்ணியின் பார்வை போகாமல் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் என்றால் முளை போட இருட்டு வீடு தனியாக உண்டு. இங்கே இருப்பதே ஒரு ரூம், அதில்தான் அடுப்பு, கட்டில், டி.வி., உங்கள் மச்சான் எல்லாம். மூலையில் கம்பளியைத் திரையாகக் கட்டி, தகரத்தில் இருந்த ஓட்டையையெல்லாம் சாக்கால் அடைத்து, வைக்கோலும் எருவும் போட்டுப் பயறு பரப்பினோம். டி.வி. வெளிச்சம் படக்கூடாதென்று அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டேன். உங்கள் மச்சான் ஒரு மேட்ச் பூராவையும் காதாலேயே பார்த்தார். பீடி பற்றவைக்கக்கூடத் தெருவுக்குத்தான் போனார். சாந்திக்கு இந்த வருஷம் வந்த பக்தி இருக்கிறதே, சொல்லி மாளாது. ஊதுபத்தி கொளுத்தச் சொன்னாலே முகத்தைத் தூக்குகிறவள், பக்கத்துப் போகல் கடைத்தெருவுக்குத் தானே போய் சிவப்பு ஜீரோ வாட் பல்பு வாங்கிவந்து, அம்மன் படத்தைத் திரைக்குள்ளே மாட்டி, "முளைக்குப் பக்கத்துல அம்மன் தொணைக்கு இருக்கட்டும்மா" என்று இரவும் பகலும் எரியவிட்டாள். தண்ணீர் தெளிப்பதும் அவள்தான், என்னைக்கூடத் திரையைத் தொடவிடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எடுக்கும் அன்று காலை கேம்பே கூடி நின்று குலவை போட, நான் திரையை விலக்கினேன். குலவை பாதியில் நின்றது. உள்ளே விரல் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று இலையை விரித்துக்கொண்டு நிற்கிறது பயறு.

"என்னக்கா, சட்னிக்கு மல்லித்தழ போட்டியா?" என்றாள் இந்திராணி.

"ஆமாடி, ஒனக்கும் ஒரு கரண்டி ஊத்துறேன், வா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அண்ணி கேட்ட போட்டோ நினைவுக்கு வந்ததும் திரையை மறுபடி இழுத்து மூடினேன்.

நான் சமையல் செய்யும் கிட்வாய் நகர் வீட்டுப் பெண் ஜ்யோத்ஸ்னாவும் திருவிழாவுக்கு வந்திருந்தாள். யுனிவர்சிட்டியில் முளைகளை இருட்டில் வளர்த்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. சாந்திதான் தினமும் அங்கே அவளுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோவாள். திரைக்குள் எட்டிப் பார்த்த ஜ்யோத்ஸ்னா, சாந்தி முகத்தையும் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் இந்தியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"அரே வீராயிம்மா, இது சாமி குத்தம் இல்ல, பல்பு. செடி செல்லுக்குள்ள வெளிச்சத்தப் பாக்குற நிறமி ஒண்ணு இருக்கு. இருட்டுல அது வெளிப்பக்கம் சும்மா கெடக்கும். செடி வெளிச்சத்தத் தேடி நீண்டுக்கிட்டே போகும். சிவப்பு வெளிச்சம் பட்டா நிறமியோட உருவமே மாறிடும். நேரா செல்லோட நடு ரூமுக்குள்ள போயி, நீண்டது போதும், எலைய விரி, பச்சையாகுன்னு ஆர்டர் போட ஆரம்பிச்சிடும். அச்சா?"

நாலாங்கிளாஸ் படித்த எனக்கே விளங்கிவிட்டது. கரண்ட் போனால் உங்கள் மச்சானும் வெளியே கட்டிலில் வாய் திறக்காமல் கிடப்பார். பல்பு எரிந்ததும் விறுவிறுவென்று உள்ளே வந்து "சோறு எங்க, சட்ட எங்க" என்று அதிகாரம் தொடங்கும். அதேதான். இந்திராணி தெருக் கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்ட் இழுத்திருந்த வயரை, கரண்ட் ஆபீஸ் ஆள் வந்து அறுத்துவிட்டுப் போய்விட்டான். அந்தக் கும்மிருட்டில் அவள் பயறு கேட்பாரில்லாமல் நீண்டிருக்கிறது. ஜ்யோத்ஸ்னா தன் இருட்டறையில் பச்சை பல்புதான் போடுவாளாம். பச்சையை அந்த நிறமி அவ்வளவாகக் கண்டுகொள்ளாதாம்.

ஆகவே முளை குட்டையாய் நின்றது கெட்ட சகுனம் இல்லை என்று அண்ணிக்கு எடுத்துச் சொல்லுங்கள். மஞ்சளாய் நீண்டது சோகை, குட்டையாய்ப் பச்சையாய் நிற்பதுதான் திடம். அண்ணிகூடக் குட்டைதான், அவரைக் கட்டி நீங்கள் கெட்டா போய்விட்டீர்கள்? (இதற்குப் பதில் எழுத வேண்டாம்.) ஆவணியில் தவறாமல் பூ வைக்க வாருங்கள். அண்ணிக்கு என் கும்பிடும், மருமகன் செந்திலுக்கு அத்தையின் ஆசியும், உங்கள் முழங்காலுக்கு அம்மன் திருநீறும் சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
வீராயி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் சாந்தியிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டவள், ஆவணி என்றதும் அழ ஆரம்பித்துவிட்டாள். "எந்த லைட்டு போட்டா வளராதுன்னு ஜ்யோத்ஸ்னாக்காகிட்டக் கேட்டுட்டுத்தேம்மா பல்பு வாங்குனேன். செந்தில் மச்சான் நல்லவுகதான், ஆனா கட்டிக்க எனக்கு மனசு இல்ல. நான் சொன்னா அத்த சண்டைக்கு வரும், மாமா சோறு திங்காது. அம்மன் சொன்னா யாரும் எதுத்துப் பேச மாட்டீகல்ல?" என்கிறாள். ஜ்யோத்ஸ்னா அன்று சிரித்த சிரிப்பு இப்போதுதான் விளங்குகிறது. அண்ணா, உங்களுக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். இருந்தாலும் மருமகளுக்காக ஒன்று செய்யுங்கள். கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, போட்டோவை மட்டும் அண்ணியிடம் காட்டுங்கள். இந்திராணி மகள் பக்கம் விரலை வைத்து மறைக்க வேண்டாம், நன்றாகத் தெரியட்டும். செல்லு, நிறமி, பல்பு என்று மூச்சு விடாதீர்கள். சகுனம் சரியில்லைதான்.